பொத்தானுக்கு நேராக ஒரு டிக்

வியாழன், இரவு

ஆட்டிசம் உள்ள என் நிலாவுக்கு ஏழு வயது. சட்டைப் பொத்தானைத் தானே போடப் பழக்கச் சொல்லி, தெரபிஸ்ட் ஒரு தாள் கொடுத்திருந்தார். தானே போட்ட நாளில் டிக் செய்ய வேண்டும். காலையில் வேன்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டார். எங்கள் ஹடப்சர் பகுதி டிராஃபிக் அவர் கவலை. "நேரமாச்சு, நீயே போட்டு விடேன்," என்பார் என் கணவர். போட்டுவிடுவேன். டிக்கும் போட்டுவிடுவேன். வெறும் கட்டங்களோடு தாளை நீட்ட வெட்கம்.

அந்த டிக்குகளை நம்பி, இனி பொத்தான் போட உதவ வேண்டாம் என்று தெரபிஸ்ட் பள்ளிக்குச் சொல்லிவிட்டார். இன்று தண்ணீர் கொட்டி, சட்டை மாற்ற வேண்டியிருந்தது. இடைவேளை முழுக்கத் திறந்த சட்டையோடு நின்றிருக்கிறாள். கேட்க அவளுக்குப் பேச்சு வராது. "அவளுக்குத்தான் போட வருமே மேடம், பிடிவாதம் பண்றான்னு நெனச்சேன்," என்று பள்ளி ஆயா மாவ்ஷி இந்தியில் வருத்தப்பட்டார்.

ராத்திரி சட்டையை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். மாவ்ஷியிடமும் இப்படித்தான் கேட்டிருப்பாள். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். வெகு நேரம் கழித்து ஒரே ஒரு பொத்தான் நுழைந்தது, அதுவும் தப்பான துளையில்.

நான் அதைத் தொடவில்லை. கோணல் சட்டையோடு தூங்குகிறாள்.