வாசல் சிலாப்பில் கம்பி இருக்கிறதா?

என்னங்க,

நீங்கள் போன பிறகு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதாம். காவடிக்காரர்களை வாசலில் உட்கார விடாமல் துரத்துகிறேனாம். தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. தலைக்கனம் கான்வென்டில் படித்த நாளிலிருந்தே எனக்கு உண்டு, உங்களுக்குத் தெரியாததா? வாசலில் கயிறு கட்டியதற்குக் காரணம் வேறு.

ரயில்வேயில் ஓய்வு பெற்று வந்து உங்கள் கையாலேயே வாசலுக்கு மேல் நிழலுக்குப் போட்டீர்களே, அந்தக் கான்கிரீட் சிலாப் விரிசல் விட்டிருக்கிறது. சாலைப் பக்கத்துப் பாதியில். கோடை மழைக்கு முன் தலைமுடி அளவு இருந்தது. இப்போது தூரத்திலிருந்தே தெரிகிறது. காலையில் கதவைத் திறந்ததும் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறேன்.

நீங்கள் பொழுதுபோக்காகக் கட்டியதில் எதை நான் குறை சொல்லாமல் விட்டேன்? கோழிக்கூண்டின் கதவை இன்னும் சரியாகச் சாத்த முடியவில்லை. கோழிகள் முருங்கை மரத்தில்தான் தூங்குகின்றன. துவைக்கிற மேடையில் சோப்பு வைத்தால் தானாக வழுக்கிக்கொண்டு போகிறது. போகட்டும், அதெல்லாம் ஆளைக் கொல்லாது. இது தலைக்கு மேல் நிற்கிறதே.

கான்கிரீட் போட்ட அன்று அரக்கோணத்திலிருந்து கம்பி பாதிதான் வந்திருந்தது. மீதியை ஏற்றிய வண்டி வழியில் இருந்தது. ராகு காலம் தொடங்குவதற்குள் போட்டுவிட வேண்டும் என்று நீங்கள் துடித்தீர்கள். நான் மலைக்கோயிலுக்கு அர்ச்சனைக்குப் போய்விட்டேன். இறங்கி வந்தபோது எல்லாம் முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தீர்கள். மீதிக் கம்பி வந்ததா என்று கேட்டேன். சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள்?

கொத்தனாரை அழைத்துக் காட்டினேன். "கொத்திப் பாக்கலாம்மா. ஆனா உள்ள கம்பி இல்லன்னா மொத்தமும் என் தலமேலதான் வரும். அன்னிக்குக் கூட இருந்தவங்களைக் கேளுங்க," என்றார்.

கூட இருந்தவர் உங்கள் தம்பி முனுசாமி ஒருவர்தான். மணவூருக்குப் போன் செய்தேன்.

"ஆங், எல்லாம் போட்டோம் அண்ணி. அண்ணன் வேலையிலயே சந்தேகமா?"

"சந்தேகம்தான். ரோடு பக்கம் கம்பி கட்டினதைக் கண்ணால பாத்தீங்களா?"

"பாத்திருப்பேன் அண்ணி. ரயில் வந்துகினு இருக்குது, அப்புறம் பேசறேன்."

பார்த்திருப்பாராம்! அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை.

ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டது. நேற்று நகரிப் பக்கமிருந்து நடந்து வந்த ஒரு குடும்பம் கயிற்றைத் தாண்டி வந்து, கைக்குழந்தையை விரிசலுக்கு நேர் கீழே படுக்க வைத்துவிட்டது. "எழுந்திருங்க, எழுந்திருங்க!" என்று கத்தினேன்.

"பெரியவரு உயிரோட இருக்கசொல்ல மோர் குடுத்து உக்கார வெச்சாரு. நீ வெரட்டிகினு கீறியே ஆயா," என்றாள் அந்தப் பெண், குழந்தையை வாரிக்கொண்டு.

வேப்பமரத்தடியில் மோர் கொடுத்தேன். குடித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கிருத்திகைக்கு முன்பே வரும் உங்கள் நினைவு நாளுக்கு இதை அச்சிட்டு உறவினர்களுக்குக் கொடுக்கிறேன். முனுசாமிக்கும் ஒரு பிரதி போகும். கம்பி இருந்தால் விரிசலை அடைத்து, வருகிறவர்களை நானே உட்கார வைப்பேன். இல்லையென்றால் ஆள் வைத்து இடித்துவிடுவேன். உங்கள் பெயருக்காக அதை நிற்க விடமாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முனுசாமி, போன் வேண்டாம். சாலைப் பக்கத்துப் பாதியில் கம்பி போட்டீர்களா இல்லையா என்று ஒரே வரி எழுதி, கையெழுத்திட்டு, கிருத்திகைக்கு முன் அனுப்புங்கள்.

அவருக்கு மனைவி, உங்களுக்கு அண்ணி,
சரோஜா