முன்னோட்டத்தைத் திறக்காமல் போட்ட ஒப்புதல்

என் செல்ல மலரு,

உன் படத்துக்கு முன்னால் நின்று பேச வாயெடுத்தால் அழுகைதான் வருகிறது. அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும். அதில் ஒருவருக்காவது நான் தேடுகிற ஆளைத் தெரிந்திருக்காதா?

ஆபீஸில் அதே வேலைதான். வயலுக்குச் சில மணி நேரமே விடும் மும்முனை மின்சாரம் வந்ததும் ஆள் இல்லாமலே பம்புசெட் மோட்டாரை ஓட்டிவிடும் தானியங்கிப் பெட்டி. அதை எப்படிக் கழற்றுவது, மாட்டுவது என்று சொல்லும் இணையப் பக்கங்கள். நீ எழுதினால் நான் சரிபார்ப்பேன், நான் எழுதினால் நீ. நான் திரையில் பச்சையாகத் தெரியும் புது வரிகளை மட்டும் படித்துவிட்டு ஒப்புதல் போட்டுவிடுவேன். நீ விடமாட்டாய். பக்கம் வாசகருக்கு எப்படித் தெரியும் என்று காட்டும் முன்னோட்டத்தை உன் விரிசல் விட்ட போனில் திறந்து, வெயிலில் போய் நின்று பார்ப்பாய்.

"எழுத்தெல்லாம் சரியாத்தானடி இருக்கு, வேற வேலை இல்ல உனக்கு?" என்பேன்.

"நாம எழுதினத அவங்க படிக்கிறதில்லக்கா. பக்கத்துல தெரியறதத்தான் படிப்பாங்க" என்பாய்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்தபடி கடைசியாக ஒரு மாற்றம் அனுப்பினாயே. கரண்ட் வந்தாலும் பெட்டிக்குள் பாயாதபடி, திறக்கும் முன் பீஸ் கட்டையைப் பிடுங்கி வைக்கச் சொல்லும் எச்சரிக்கை, பக்கத்தின் கடைசியில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அதை எடுத்து மூன்றாவது படியாக வைத்திருந்தாய். நீ போன எட்டாம் நாள் அதைத் திறந்தேன். மேலே உன் பெயர். வரிகள் எல்லாம் இருந்தன. முன்னோட்டத்தைப் பார்க்க மனசு வரவில்லை மலரு. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்புதலை அழுத்தினேன்.

அந்தப் படிக்கு மேலே, வாசகருக்குத் தெரியாதபடி எனக்கென்று ஒரு குறிப்பு எழுதியிருந்தாய். குறிப்பு இங்கே முடிகிறது என்று கணினிக்குக் காட்டும் குறியைப் போட மறந்துவிட்டாய். அடுத்த குறிப்பு முடிகிற இடம் வரை எல்லாமே குறிப்பாகி, பீஸ் கட்டைப் படியும் பக்கத்தில் மறைந்துவிட்டது. எண்களைக் கணினியே போடுவதால் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காகவே இருந்தது. மூன்றாவது படி இப்போது, பெட்டியைத் திற.

பதினோரு நாள் அப்படியே இருந்திருக்கிறது. போன திங்கட்கிழமை அடி அண்ணாமலையிலிருந்து ஒரு விவசாயி போன் செய்தார்.

"பெட்டியத் தொறந்து கைய வெச்சினுக்கீறேன்மா. இதுல எந்த ஒயர கழட்டணும்?"

"பீஸ் கட்டைய எங்க வெச்சீங்க?"

"அது மாட்டிதான் கீது. கரண்ட் இல்லாத நேரம்தானே? அதப் பத்தி ஒண்ணும் போடலயே?"

"ஐயோ, கைய எடுங்க! எடுங்கன்றேன்!"

எடுத்துவிட்டார். ஏம்மா கத்துற என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், போனில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

பக்கத்தை அப்போதே திருத்திவிட்டேன். மறுநாள் அவர் பயிர்க் கொல்லைக்குப் போனேன். கடையில் அச்சடித்த நம் பக்கம் பம்புசெட் சுவரில் ஒட்டியிருந்தது. கிழித்துப் போட்டேன்.

"கீழ்பென்னாத்தூர் பக்கத்துலேர்ந்து மல்லாட்ட வெதை வாங்க ஒருத்தரு வந்தாரு. அவரு பெட்டியும் ரிப்பேராம். இத போட்டோ புடிச்சினு போனாரு" என்றார்.

"பேரு? ஊரு?"

"கேக்கலயேம்மா."

அந்த ஆள் போனில் இருக்கிற படத்தை நான் எப்படித் திருத்துவேன்? மூன்று நாளாக அந்தப் பக்கம் பம்புசெட் பம்புசெட்டாகப் போய்க் கேட்கிறேன். இந்த வாரம் ஒன்பது மணிக்கு மும்முனை வருகிறது. எங்கேயாவது மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டால் நின்றுவிடுகிறேன்.

தப்பு உன்னுடையது இல்லை. காய்ச்சலில் கிடந்தவள் நீ. அக்கா திறந்து பார்ப்பாள் என்று நம்பித்தானே அனுப்பினாய்?

இனி யார் மாற்றம் வந்தாலும், பக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒப்புதல் போடமாட்டேன். அந்த மனிதரைக் கண்டுபிடிக்காமலும் விடமாட்டேன். நாளைக்கும் முதல் பஸ்ஸில் போகிறேன். நான் போய்ச் சேருகிற வரைக்கும் நீ அவர் கையைக் கெட்டியாகப் பிடிச்சுக்கோடி.

உன் பேச்சைக் கேட்காத அக்கா,
தேவகி