சயாம் போனவர் பாட்டு

1944 ஐப்பசி, ஞாயிறு இரவு.

சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டுபோன என் கணவரை நினைத்து நான் கட்டிய பாட்டை, இன்று தானா ராத்தா சந்தையில் ஒருவன் தன்னுடையது என்று சொல்லிப் பாடினான். கேட்டவர்கள் அழுதுகொண்டே அவனுக்கு மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார்கள்.

"தம்பி, அது நான் கட்டுன பாட்டுலா," என்றேன்.

அவன் தலைகுனிந்தான். "பசிதான்க்கா. யாரு கட்டுனதுன்னு தெரியாது," என்று பாதிக் கிழங்கை என்னிடம் நீட்டினான். அவன் கால்கள் வீங்கியிருந்தன. என் கோபம் நிலைக்கவில்லை.

"பாடிக்க. ஆனா என் பேரு வேணாம், என் வீட்டுக்காரரு மாரிமுத்து பேரைச் சேத்துப் பாடு."

"தாப்பா ஸ்டேஷன்லயும் பாடுறேன்க்கா. சயாம்லேருந்து வர்றவங்க அங்க எறங்குவாங்க. வேற பாட்டு இருக்கா?"

பிள்ளைகள் கிழங்கு தின்றுவிட்டுத் தூங்குகிறார்கள். மாரிமுத்து என்ற பெயர், அவரைப் பார்த்த யார் காதிலாவது விழாதா? புதுப் பாட்டுக்கு இரண்டு அடி வந்துவிட்டது.