பாடை போகும் பக்கம்

ஜனவரி 6, 2025, திங்கள்

மறுபடியும் தெர்மாகோல். ஆண்டு விழா மேடைக்கு 'வருக வருக' வெட்ட வேண்டுமாம். போன வருடத்து அன்னப்பறவைக்குக் கழுத்து உடைந்துவிட்டதாம், அதையும் ஒட்ட வேண்டுமாம். தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி, அம்மாப்பேட்டையில் வேறு பஸ் மாறி, நான் போவது அன்னப்பறவைக்குக் கழுத்து ஒட்டத்தான்.

எட்டாம் வகுப்புக்கு நான் எடுக்கும் ஓவிய வகுப்பை இன்றும் கணக்கு சார் எடுத்துக்கொண்டார். "ட்ராயிங் தானேங்க டீச்சர்." ட்ராயிங் தானே! அந்தப் பிள்ளைகள் மூன்று மாதமாக ஒரு புத்தகம் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியுமா? ஆளுக்கு ஒரு பக்கம். லினோ என்கிற ரப்பர் போன்ற தகட்டில் அவர்களே செதுக்கி, மை உருட்டி, கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து அச்சிடுவது. தலைப்பும் அவர்களே வைத்தார்கள்: 'எங்க ஊர்த் தண்ணி'. கீழே வரும் வரிகளைத் தமிழாசிரியை மங்களம் டீச்சர் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்து எழுதி வாங்குகிறார். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்து டீ குடிக்கிற ஒரே ஆள் அவர்தான்.

ஜனவரி 9, வியாழன்

எட்டாம் வகுப்பு செம்மொழியின் பக்கம் இன்று அச்சாயிற்று.

நவம்பர் மழையில் அவள் தாத்தா இறந்துபோனார். காலனியிலிருந்து ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. வயல் வரப்புதான். வாய்க்கால் உடைத்துக்கொண்டு வயலில் இடுப்பளவு தண்ணீர். பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆறு பேர் போனார்கள். இவள் மதகின் மேல் நின்று பார்த்திருக்கிறாள். ஊர்த் தெரு வழியாகத் தார்ச்சாலை இருக்கிறது. அந்த வழியாக இவர்கள் பாடை போகக் கூடாது. யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். திருவிடைமருதூர்ப் பக்கம் நான் பிறந்த காலனியிலும் அப்படித்தான்.

நான் இதை வரையச் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகள் பம்ப்செட், நண்டு, வாய்க்காலில் குளியல் என்று செதுக்கியபோது இவள் இதைச் செதுக்கினாள். செதுக்கிய லினோவில் ஆட்கள் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். அச்சில் இடவலமாகத் திரும்பி, சுடுகாட்டைப் பார்த்து நடந்தார்கள். தாளைத் தூக்கியதும் அவளே சிரித்துவிட்டாள். தண்ணீரை எப்படிச் செதுக்கினாள் என்று கேட்டேன். "தண்ணிய செதுக்கல டீச்சர். ஆளுங்களச் சுத்தி செதுக்காம விட்டுட்டேன், மை ஏறி அதுவே தண்ணியாயிருச்சு."

கல்லூரியில் ஐந்து வருடம் படித்தும் எனக்கு இது வர நாளாயிற்று.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். மங்களம் டீச்சர் வீட்டுக்கு வந்தார். நாள் முழுக்க இருவரும் புத்தகம் தைத்தோம். நாற்பது பிரதி. அவருக்கு ஊசி பிடிக்க நன்றாக வருகிறது. என் கணவர் இனியவன் கரும்பு வெட்டிக் கொடுத்துவிட்டு, "ரெண்டு பேரும் ரேடியோ மாதிரி ஓயாம பேசுறீங்க" என்றார்.

ஜனவரி 24, வெள்ளி

தாளாளர் வாஞ்சிநாதன் கூப்பிட்டார். மேசை மேல் எங்கள் புத்தகம். குரல் உயர்த்தாத மனிதர். அதுதான் எனக்கு எரிச்சல்.

"படமெல்லாம் பிரமாதம்மா. நான் கலைக்கு விரோதி இல்ல. இந்த ஒரு பக்கம் மட்டும் வேண்டாமே."

"ஏன் சார்?"

"ஆண்டு விழா. நல்ல நாள். பாடை எதுக்கு?"

"அது அந்தப் பொண்ணோட தாத்தா சார்."

"இருக்கட்டும். அந்த மோட்டார் கொட்டகையையும் போட்டிருக்கா பாருங்க. அது எங்க வயல்னு ஊருக்கே தெரியும். ஏற்கனவே காலனிக்காரா பாதை கேட்டு மனு மேல மனு போட்டுண்டிருக்கா. பட்டா நிலத்துல நான் எப்படிப் பாதை விடுவேன்? இதுல பள்ளிக்கூடமே படம் போட்டுக் கொடுத்தா நன்னாவா இருக்கு?"

"அவ பாத்ததை வரைஞ்சிருக்கா சார். எடுக்க மாட்டேன்."

சிரித்தார். "யோசிங்கோ" என்றார்.

வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். யோசிக்கணுமாம்! என்னத்த யோசிக்க? அந்தப் பிணம் நனையாம போச்சான்னு அவரு யோசிச்சாரா?

மங்களம் டீச்சரிடம் சொன்னேன். "கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போயேன் தாமரை" என்றார். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஜனவரி 29, புதன்

அதற்குப் பிறகு தாளாளர் ஒன்றும் பேசவில்லை. பார்த்தால் தலையாட்டுகிறார். ஒத்துக்கொண்டுவிட்டாரா?

பிப்ரவரி 8, சனி

எழுதவே முடியவில்லை. பேனா தாளைக் கிழிக்கிறது.

மேடையில் எட்டாம் வகுப்பை வரிசையாக நிறுத்தி, சிறப்பு விருந்தினர் கையால் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். கைதட்டல். செம்மொழி ஓடிப்போய் அவள் அம்மா அம்சவல்லியிடம் திறந்து காட்டினாள். நான் சும்மா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு தடவை புரட்டினாள். மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"டீச்சர், என் பக்கத்தைக் காணோம். நான் தப்பா செதுக்கிட்டேனா?"

வாங்கிப் பார்த்தேன். பிளேடு. மடிப்பை ஒட்டி, நேராக. மேசை மேல் இருந்த எல்லாப் பிரதிகளிலும் அதேபோல.

தைத்த புத்தகத்தில் ஒரு தாளை அடியோடு வெட்டினால் மடிப்பின் மறுபுறம் இருக்கும் அதன் ஜோடித் தாள் உருவிக்கொண்டு வந்துவிடும். வெட்டியவருக்கு அது தெரிந்திருக்கிறது. விரல் அகலத்துக்கு ஓரம் விட்டு வெட்டியிருக்கிறார். மற்ற பக்கங்கள் ஒன்றும் ஆடவில்லை. அவ்வளவு அக்கறை!

அதை அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்குத்தான் சொல்லிக்கொடுத்தேன். என் வீட்டில், மாட்டுப் பொங்கலன்று, கரும்பு தின்றுகொண்டே.

"நீ தப்பா செதுக்கலம்மா" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு அது போதுமா? மேடையில் என் தெர்மாகோல் எழுத்துக்கு லைட் போட்டிருந்தார்கள். வருக வருக.

பிப்ரவரி 10, திங்கள்

மங்களம் டீச்சர் மறுக்கவில்லை. அதுவாவது மிச்சம்.

"ஆமா, நான்தான் வெட்டினேன். நாப்பதையும் தாளாளர் கொளுத்தச் சொன்னாரு தாமரை. ஒரு பக்கம் போனா மத்த புள்ளைங்களுதாவது பொழைக்கும்னு நான்தான் கெஞ்சினேன். உன் வேலையும் போயிருக்கும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். வேலை என்னுடையது, பக்கம் அந்தப் பிள்ளையுடையது. இடையில் பிளேடு எடுக்க இவர் யார்? வாஞ்சிநாதன் வெட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அவர் எப்படியும் அப்படித்தான். இவங்க எங்கூட உக்காந்து தைச்சாங்களே! அந்தப் பக்கத்துக்குக் கீழே வரி எழுதினதே இவங்கதானே! 'எங்க தாத்தா நனையாம போனாரு. தூக்குனவங்க நனைஞ்சாங்க.' செம்மொழி சொன்னதை அப்படியே எழுதிவிட்டு அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டாரே. அந்தக் கண்ணோடுதான் வெட்டினாரா?

இனி அவரோடு பேச்சில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

பஸ் நிறுத்தத்தில் செம்மொழியின் அப்பா ரெத்தினம் காத்திருந்தார். வாஞ்சிநாதனின் டிராக்டரை ஓட்டுகிறவர். கல்வித் துறைக்கு நான் புகார் எழுதப்போவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், எழுதி வைத்திருந்தேன்.

"வேணாம் டீச்சர். எம்பொண்ணு பேரை இழுக்காதீங்க."

"உங்க அப்பா படம்ங்க அது. உங்களுக்குக் கோவம் வரலியா?"

"பாடைல முன்பக்கம் நான்தான் பிடிச்சேன். எனக்கா கோவம் வராது?" குரல் மட்டும் தாழ்ந்தது. "உங்களுக்கு இந்தா பஸ்ஸு வந்துரும். ஏறித் தஞ்சாவூரு போயிருவீங்க. நாங்க இங்கயேதான இருக்கணும்."

பஸ் வந்தது. ஏறினேன். நான் ஊர்த் தெருக்காரி அல்ல, நானும் காலனிக்காரிதான், எனக்கும் இதெல்லாம் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நான் ஏறிவிட்டேன். அவர் நின்றார்.

புகாரை அனுப்பவில்லை. அதற்கும் சேர்த்துக் கோபம். யார்மேல் என்று தெரியவில்லை.

மார்ச் 28, வெள்ளி

அடுத்த கல்வியாண்டில் ஓவிய வகுப்பு கிடையாதாம். அபாகஸ் வருகிறதாம். "உங்க திறமைக்கு இந்தச் சின்ன ஊர் போறாதும்மா" என்றார் வாஞ்சிநாதன். சால்வை வேறு போர்த்தினார். அதை எடுத்து மடித்து அவர் மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஆக, மங்களம் டீச்சர் காப்பாற்றிய வேலை ஐம்பது நாள்கூடத் தாங்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

இனியவன் கேட்கிறார், எத்தனை நாளைக்கு முகத்தை இப்படியே வைத்திருக்கப் போகிறாய் என்று. தெரியலையே. கழட்டி வைக்க இது என்ன மூக்குக் கண்ணாடியா?

மே 18, ஞாயிறு

காலையில் வாசலில் அம்சவல்லியும் செம்மொழியும். தஞ்சாவூரில் என் வீடு மானம்புச்சாவடி என்று மட்டும் தெரிந்துகொண்டு, கடைகடையாக விசாரித்து வந்திருக்கிறார்கள்.

"தாலுகா ஆபீஸ்ல ஜமாபந்தி வருதுங்க டீச்சர். பொம்பளைங்க சேந்து சுடுகாட்டுப் பாதைக்கு மனு குடுக்கப் போறோம். மனு எத்தனையோ குடுத்தாச்சு, படிக்கவே மாட்டேங்கிறாங்க. படம்னா பாத்துத்தானங்க ஆகணும்? அந்தப் படத்தை ஒண்ணு போட்டுக் குடுங்க."

லினோ பள்ளிக்கூடத்தில் அல்லவா இருக்கிறது என்றேன். செம்மொழி பையிலிருந்து பாவாடைத் துணியில் சுற்றியிருந்ததை எடுத்தாள். ஆண்டு விழா அன்றே கலைக்கூடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். "அதையும் வெட்டிருவாங்கன்னு நெனச்சேன் டீச்சர்."

மூவரும் அச்சிட்டோம். அம்சவல்லி கரண்டியால் தேய்த்தார், பாத்திரம் தேய்க்கிற அழுத்தத்தோடு. முதல் தாளைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "பாதம் வெளில தெரியுது பாருங்க. மாமாவுக்கு அப்படித்தான், எந்தப் பாயிலயும் கால் அடங்காது. இவ அதையும் பாத்திருக்கா." பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அழுதாரோ.

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். வேணாம்னும் சொல்லல, போன்னும் சொல்லல. பஸ்ஸுக்குக் காசு எடுத்து வச்சிட்டு வேலைக்குப் போயிட்டாரு."

போகும்போது செம்மொழி கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரட்டுமா டீச்சர்?"

மே 27, செவ்வாய்

தாலுகா அலுவலகம். சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, வியர்வை. நானும் போய் அவர்களோடு வரிசையில் நின்றேன். வாஞ்சிநாதனின் ஆள் ஒருவர் எதிரில் நின்று போனில் எங்களைப் படமெடுத்தார். எடுத்துக்கொள்ளட்டும் என்று முகத்தை நன்றாகக் காட்டினேன்.

அதிகாரி மனுவைப் புரட்டினார். படம் வந்ததும் நிறுத்தினார்.

"யாரு வரைஞ்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தாங்க சார். வரையல, செதுக்குனது" என்றாள் செம்மொழி.

"இவ்வளவு தண்ணியா?"

"என் நெஞ்சு உசரத்துக்கு இருந்துச்சு சார்."

சர்வேயரை அனுப்பி அளக்கச் சொல்லி மனுவில் எழுதினார். அவ்வளவுதான். பாதை வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. சர்வேயர் வருவதே பெரிது. ஆனால் படத்தை அவர் திருப்பித் தரவில்லை. மனுவோடு சேர்த்துப் பின் குத்திக் கோப்பில் வைத்தார்.

ஜூன் 8, ஞாயிறு

காலனியிலிருந்து ஐந்து பிள்ளைகள். வீட்டில் கால் வைக்க இடமில்லை. இனியவனின் வேட்டியில் மை.

ஜூன் 15, ஞாயிறு

பிள்ளைகள் போன பிறகு கதவைத் தட்டினார் மங்களம் டீச்சர். கையில் கனமான துணிப்பை. உள்ளே வரச் சொல்லவில்லை. அவரே வந்து தரையில் உட்கார்ந்தார்.

பையிலிருந்து புத்தகங்களை எடுத்து அடுக்கினார். பிள்ளைகள் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் வாங்கி வந்திருக்கிறார். இன்னும் சில பிரதிகள் கிடைக்கவில்லையாம். அடியிலிருந்து ஒரு பழுப்பு உறை. அதற்குள், வெட்டிய தாள்கள். ஒன்றுகூடக் கசங்கவில்லை.

"கொளுத்திட்டேன்னு அவருகிட்ட சொன்னேன். பீரோவுல சேலைக்கு அடியில வச்சிருந்தேன்."

ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"காலனிக்கும் போனேன் தாமரை. இத்தனை வருஷமா அந்த ஊர்ல இருக்கேன். அந்தத் தெருவுக்குள்ள அன்னிக்குத்தான் போனேன். அம்சவல்லி உக்காரச் சொல்லி மோர் குடுத்தா. ஒரு வார்த்தை கேக்கல. திட்டியிருந்தாக்கூட நல்லாயிருந்திருக்கும்."

நானும் திட்டவில்லை. எழுந்து போய் மைதா பசை காய்ச்சி எடுத்து வந்தேன். விட்டிருந்த ஓரத்தில் பசை தடவி, தாளை அதன்மேல் பொருத்தி, மடிப்பை நகத்தால் அழுத்தினேன். ஒட்டுப் போட்டது தெரிந்தது. தெரியட்டும். அவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார்.

கோபம் போய்விடவில்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் அவர் பிரஷ்ஷைப் பசையில் முழுசாக முக்கியபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"கம்மியா தொடுங்க டீச்சர். ஈரம் ஏறுனா தாள் சுருங்கிரும்."

பிப்ரவரிக்குப் பிறகு அவரிடம் நான் பேசியது இதுதான். அவர் கிண்ணத்தின் விளிம்பில் பிரஷ்ஷை வழித்தார். அடுத்த பிரதியை அவர் பக்கம் நகர்த்தினேன்.