ஒரே கதவு எண்ணில் இரண்டு அண்ணாமலை

செவ்வாய், பௌர்ணமிக்கு மறுநாள்

மருத்துவமனைக் கணினியில் நோயாளி விவர டேபிளையும் மாத்திரை விவர டேபிளையும் ஜாயின் செய்து, இரண்டு முறை பதிவானவர்களைத் தேடும் கட்டளையாக ஒரு க்வெரி எழுதினேன். பெயர், ஊர், கதவு எண் ஒன்றாக இருந்தால் டூப்ளிகேட் என்று வைத்துக்கொண்டேன். அடி அண்ணாமலை என்ற ஊரில் ஒரே வீட்டில் இரண்டு அண்ணாமலை வந்தார்கள். ஒருவரை டெலீட் செய்யப் போனேன்.

சீட்டு எழுதும் நூர்ஜஹான் எட்டிப் பார்த்தாள்.

"இருங்க சார், ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும். பெரியப்பா, சித்தப்பா பசங்க. ரெண்டு பேருக்கும் தாத்தா பேர வெச்சுட்டாங்க."

அப்பா பெயரைப் பார்த்தேன். வேறு வேறு. ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரை, இன்னொருவருக்கு வலிப்பு மாத்திரை. நீக்கியிருந்தால்...

புண்ணியவதி, நன்றாக இருக்கட்டும்.

இத்தனைக்கும் என் பெரியப்பா மகனுக்கும் எனக்கும் ஒரே பெயர். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு விழவேண்டிய அடியை நான் வாங்கியிருக்கிறேன். அதுகூடவா மறந்துபோகும்?