ஆளுக்கு ஒரு கை

செப். 6, சனி

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு ஏமாற்றிவிட்டது. மந்தைவெளி வீட்டைக் காலி செய்ய அண்ணிக்கு ஒத்தாசை. அண்ணன் போய் மூன்று மாதம். புதன்கிழமை அண்ணி ஆதம்பாக்கம் போகிறார், தன் தங்கை வீட்டோடு.

பரணில்: ஓட்டை பக்கெட், கொசுவலை, குக்கர் வந்த அட்டைப்பெட்டி. அதற்குள் சின்ன வயதில் அண்ணனும் நானும் ஆடிய டிவி கேம். மஞ்சள் கேசட். ஒரே ஒரு ஜாய்ஸ்டிக்.

பழைய டப்பா டிவியில்தான் அது ஓடும். காயலான் கடைக்காரர் அந்த டிவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அத்த யாரும் எடுக்கறதில்லமா. பிரிட்ஜு எதுனா கீதா?"

செப். 7, ஞாயிறு

வேலை செய்கிறது. நம்பவே முடியவில்லை.

என்ன கேவலமான கேம். டப்பிங்கில் வந்து ஊரே பார்த்த ஒரு படத்தை வைத்துச் செய்தது. நாங்கள் மூன்று தடவை. படத்தில் அந்த ஆள் ஒரு நகரத்தையே காப்பாற்றுவான். கேமில் ஒரு பள்ளம் தாண்டத் துப்பில்லை. சட்டை நிறம்கூட வேறு. மூன்றாவது கட்டத்தில் உடைந்த பாலம். தாவும்போது எங்கிருந்தோ ஒரு பறவை வந்து முட்டும். படத்தில் பறவையே கிடையாது! விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பாலத்தை நாங்கள் தாண்டியதே இல்லை.

இரண்டாவது ஜாய்ஸ்டிக் வாங்கிய வாரமே செத்தது. அடிதடி. அம்மாவின் தீர்ப்பு: "ஆளுக்கு ஒரு கை வெச்சு ஆடுங்க. இல்லன்னா ரெண்டு பேரும் ஆடாதீங்க." அன்றிலிருந்து இடது பக்கம் அவன், நடக்க. வலது பக்கம் நான், குதிக்க. தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு.

இன்று தனியாக. இடது விரல் நடத்தினால் வலது விரல் சும்மா இருக்கிறது. முதல் பள்ளத்திலேயே காலி. திரும்பத் திரும்ப. அழுகை வந்தது. பாத்திரம் கட்டப் போய்விட்டேன்.

செப். 9, செவ்வாய்

மழை. கேஸ் முகவரி மாற்றியாயிற்று. பீரோ சாவி இன்னும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் அண்ணி டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இடது பக்கத்தை அவரிடம் கொடுத்தேன். கட்டைவிரலை இங்கே வைத்து அழுத்திக்கொண்டே இருங்கள் என்றேன். மூன்றாவது கட்டம் வரை வந்துவிட்டோம். பாலத்தின் விளிம்பில் அண்ணி நிறுத்திவிட்டு, தன் விரலையே பார்த்தார்.

பக்கவாதத்தில் அண்ணனுக்குப் பேச்சும் வலது பக்கமும் போய்விட்டன. கடைசி நாள், இடது கட்டைவிரலால் அண்ணியின் கையை அழுத்திக்கொண்டே இருந்தானாம். எழுதக் கேட்கிறான் என்று பேனா கொடுத்தால் கீழே விட்டுவிட்டானாம். என்ன எழுத நினைத்தாரோ, எனக்குப் புரியாமல் போய்விட்டதே என்று மூன்று மாதமாக அண்ணிக்கு இதே புலம்பல்.

"இப்படித்தான் அழுத்தினாரு. விடாம, இதே மாதிரி." என் பக்கம் திரும்பி, "அப்போ பேனா கேக்கலையா?"

"இல்ல அண்ணி."

சத்தியமாக எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டேன். அண்ணி அழுது ஓய்ந்தார். பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அன்று ஆஸ்பத்திரியில், உள்ளே ஒருத்தருக்குத்தான் அனுமதி என்றார்கள். நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். அவன் நடந்துகொண்டே இருந்திருக்கிறான். குதிக்கப் பக்கத்தில் நான் இல்லை.

செப். 10, புதன்

வண்டி வந்துவிட்டது. தெருவெல்லாம் தண்ணீர். டப்பா டிவியையும் ஏற்றச் சொன்னார் அண்ணி. அங்கே ஏது இடம் என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை வந்துடு. எனக்குக் குதிக்கத் தெரியாது."