நாலடியில் முடிந்த நேர்கோடு

செவ்வாய்க்கிழமை.

இன்று உடுத்திருந்த சாரத்தோடு நெஞ்சளவு கடலுக்குள் இறங்கி, ஊரே பார்க்க அழுதேன்.

காலையில் தங்கச்சியின் ஆறு வயது மகள் சஃப்னாவுக்கு, முற்றத்து மணலில் குச்சியால் கீறி நேர்கோடு படிப்பித்தேன். "கோட்டுக்கு முடிவே இல்ல, மகள்."

"கடல் வந்தா?"

"அதுக்குள்ளாலயும் போகும்," என்றேன், பெரிய மேதைபோல.

அசர் தொழுகைக்குப் பிறகு பிள்ளையைக் காணவில்லை. குச்சியையும் காணவில்லை. கரை மணலில் ஒரு கோடு நேரே கடலுக்குள் போயிருந்தது.

"நானா, என்ட புள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்க?" என்று தங்கச்சி கத்தினாள். நான் பாய்ந்துவிட்டேன்.

"மாமா, குளிக்கிறீங்களா?" கரையில் சஃப்னா நின்றாள், கையில் அடுத்த வீட்டில் தின்னக் கொடுத்த பணிஸ்.

நான் பின்தொடர்ந்தது கரைவலைக் கயிறு இழுபட்ட தடம். அவளுடைய கோடு எங்கள் வேலிக்கு வெளியே நாலடியில் முடிந்திருந்தது. பசித்ததாம்.